திமிங்கிலத்தை அளந்தவர்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் விட்பி என்னும் சிறிய துறைமுக நகரம் உள்ளது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஒவ்வோர் ஆண்டும் இளவேனில் தொடங்கும்போது அந்நகரின் ஆண்கள் பலர் பாய்மரக் கப்பல்களில் ஏறி வடதிசை நோக்கிப் புறப்படுவர். கோடை முடிவதற்குள் திரும்புவர். திரும்பாதவரும் உண்டு. அவர்கள் சென்றது ஆர்க்டிக் பனிக்கடலுக்கு. தேடிச் சென்றது திமிங்கிலத்தை.

மின்விளக்கு இல்லாத அக்காலத்தில், ஐரோப்பிய நகரங்களில் விளக்குகள் பல திமிங்கில எண்ணெயால் எரிந்தன. குடைகளின் சட்டங்களும் பெண்கள் அணிந்த இறுக்கமான மேலாடைகளின் உள்வளையங்களும் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த தகடுகளால் செய்யப்பட்டன. ஒரு பெரிய திமிங்கிலம் கிடைத்தால் கப்பலில் உள்ள அனைவருடைய வீட்டிலும் அடுப்பு எரியும். எனவே விட்பி நகரத்தாருக்குத் திமிங்கிலம் வியப்புக்குரிய உயிரினம் அன்று, பிழைப்புக்குரிய பொருள். அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்தவர்தாம், அவ்வுயிரினத்தை முதன்முறையாக முறையாக ஆராய்ந்து எழுதியவர்களுள் முன்னணியில் வைத்து எண்ணப்படும் வில்லியம் ஸ்கோர்ஸ்பி.

விட்பிக்கு அருகில் கிராப்டன் என்னும் சிற்றூரில் 1789ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையின் பெயரும் வில்லியம் ஸ்கோர்ஸ்பியே. தந்தை உழவர் குடியில் பிறந்து, கடலோடியாகி, தம் காலத்தின் தலைசிறந்த திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவராக உயர்ந்தவர். பாய்மரத்தின் உச்சியில் நின்று கடலை நோட்டமிடும் காவலாளிக்குக் குளிர்காற்றிலிருந்து காப்பாக, பீப்பாய் வடிவில் ஒரு கூடு அமைக்கும் முறையை 1807இல் கண்டறிந்தவர் அவரே. கைகால்கள் விறைத்துப்போகும் குளிரில் மணிக்கணக்காக அந்த உச்சியில் நின்றவர்களுக்கு அது எத்தகைய கொடையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மகன் முதன்முதலாகப் பனிக்கடலைக் கண்டபோது அவருக்கு வயது பத்து. 1800ஆம் ஆண்டு தந்தையின் கப்பலிலேயே அவர் அப்பயணத்தை மேற்கொண்டார். பின்னர்ச் சில ஆண்டுகள் பள்ளிப் படிப்பு. 1803 முதல் ஆண்டுதோறும் கடல். 1806ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ரெசல்யூஷன்’ என்னும் கப்பல் வட அகலாங்கு 81 பாகையைக் கடந்து சென்றது. உறுதியான சான்றுகளின்படி, அதுவரை எந்தப் பாய்மரக் கப்பலும் அவ்வளவு வடக்கே சென்றதில்லை. தந்தை அதன் தலைவர். பதினாறு வயது மகன் அதன் முதல் துணைத்தலைவர்.

அதே ஆண்டு குளிர்காலத்தில் மகன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். குளிர்காலத்தில் கடல் உறைந்து கிடக்கும், வேட்டை இராது. அந்த ஓய்வைப் படிப்புக்குப் பயன்படுத்திக்கொண்டார். வேதியியலும் இயற்பியலும் கற்றார். இயற்கை வரலாற்றுப் பேராசிரியர் இராபர்ட் ஜேம்சன், இந்த இளைஞரிடம் வேறு மாணவர் எவரிடமும் இல்லாத ஒன்று இருப்பதை உணர்ந்தார். அறிஞர்கள் நூல்களில் மட்டும் படித்த உயிரினங்களையும் பனிப்பாறைகளையும் இவர் ஆண்டுதோறும் நேரில் காண்பவர். பார்ப்பதை அளந்து எழுதி வருமாறு ஜேம்சன் ஊக்கமளித்தார். அறிவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் அவர்களின் நட்பும் அக்காலத்திலேயே வாய்த்தது.

அன்று முதல் ஸ்கோர்ஸ்பியின் கப்பலில் இரண்டு வேலைகள் ஒருங்கே நடந்தன. 1811இல், இருபத்தொரு வயதில், அவரே ‘ரெசல்யூஷன்’ கப்பலின் தலைவரானார். வேட்டை இல்லாத நேரங்களில் காற்றின் அழுத்தத்தைக் குறித்தார். கடல்நீரின் வெப்பத்தைக் குறித்தார். விழும் பனித்துகள்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து வரைந்தார். அவர் வரைந்து வெளியிட்ட பனித்துகள் வடிவங்கள் மட்டும் 96. ஆழ்கடலின் வெப்பத்தை அறிய, கயிற்றில் கட்டி இறக்கும் கருவி ஒன்றையும் உருவாக்கினார். மேற்பரப்பு நீரைவிட ஆழத்து நீர் சற்று வெதுவெதுப்பாக இருப்பதை அக்கருவி காட்டியது. பனிக்கடலில் இப்படியும் இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

எனினும் அவருடைய பெரும்பணி திமிங்கிலத்தைப் பற்றியதே.

அவர் வேட்டையாடியது கிரீன்லாந்துத் திமிங்கிலம் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட இனம். அதன் மேல்தாடை வில்லைப் போல் வளைந்திருப்பதால் இன்று அதனை வில்தலைத் திமிங்கிலம் என்கிறோம். அதற்குப் பற்கள் இல்லை. மேல்தாடையின் இருபுறமும், பக்கத்திற்கு முந்நூறுக்கும் மேற்பட்ட நீண்ட தகடுகள், ஓரங்களில் மயிர் போன்ற இழைகளுடன் வரிசையாகத் தொங்கும். வணிகர்கள் அவற்றைத் திமிங்கில எலும்பு என்றனர். உண்மையில் அது எலும்பன்று. நம் விரல் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள். வாயைத் திறந்தபடி நீந்தும் திமிங்கிலம், அரிப்பில் மாவு சலிப்பதைப் போல, அத்தகடுகளின் வழியே நீரை வெளியேற்றி இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும்.

இத்திமிங்கிலம் எவ்வளவு நீளம் இருக்கும்? இந்த எளிய வினாவிற்கு அன்றைய நூல்கள் கூறிய விடைகள் நம்பத்தக்கவையாக இல்லை. நூறு அடி என்றார் ஒருவர். நூற்றைம்பது என்றார் மற்றொருவர். இருநூறு அடி என்று எழுதியவரும் உண்டு. கப்பலில் இருந்து பார்த்தவரின் அச்சமும், கரைக்கு வந்தபின் சொல்லும் கதையின் சுவையும் அந்த அடிகளைக் கூட்டியிருக்க வேண்டும். ஸ்கோர்ஸ்பி கதை சொல்லவில்லை, அளவுநாடாவை எடுத்தார். தாம் நேரடியாகப் பங்குகொண்டு பிடித்த 322 திமிங்கிலங்களுள் ஒன்றுகூட 60 அடியைத் தாண்டவில்லை என்றும், தாமே அளந்தவற்றுள் மிக நீண்டது 58 அடி என்றும் எழுதினார். அத்துடன், பழைய நூல்கள் சொன்ன பேருருவங்கள் கரைந்துபோயின.

322 என்னும் அந்த எண்ணைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஒரு விலங்கைப் பற்றிய துல்லியமான அறிவு, அதே விலங்கைக் கொன்றதனால் கிடைத்தது. உயிருள்ள திமிங்கிலத்தை நெருங்கி அளக்கும் வழி அக்காலத்தில் எவருக்கும் இல்லை. அவர் சேர்த்த அறிவின் ஒவ்வொரு வரியிலும் இந்த விலை மறைந்திருக்கிறது.

நீளம் மட்டுமன்று, வேறு பல தவறான நம்பிக்கைகளையும் அவர் திருத்தினார். திமிங்கிலம் மூச்சு விடும்போது தலையின் மேல் நீர் ஊற்றுப் போல் எழுவதைப் படங்களில் காணலாம். அது கடல்நீர் அன்று, நுரையீரலிலிருந்து வரும் ஈரமான ஆவியே என்று அவர் தெளிவாக எழுதினார். குளிர்ந்த காலையில் நம் வாயிலிருந்து புகை போல் வருகிறதே, அதன் பேருருவம்தான் அது. அத்தனை பெரிய உடலில் கண் மட்டும் ஏறத்தாழ மாட்டின் கண்ணளவே இருப்பதையும் அவர் குறித்தார். செவியைப் பற்றிய அவருடைய கருத்து இன்னும் நுட்பமானது. கப்பலின் நீளத்திற்குள்ளேயே நின்று உரக்கக் கத்தினாலும் திமிங்கிலம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் காற்று ஓய்ந்த நாளில் நீரில் சிறு சலசலப்பு எழுந்தாலும் அது உடனே விழித்துக்கொள்கிறது. திமிங்கிலத்தின் உலகம் நீரின் ஒலியால் ஆனது என்பதற்கு இது ஒரு தொடக்கக் குறிப்பு.

அவர் எவ்வாறு ஆழத்தை ஆராய்ந்தார் என்பதை அறிய, வேட்டை முறையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். கப்பலிலிருந்து சிறு படகுகள் இறக்கப்படும். ஒருவர் எறியீட்டியைத் திமிங்கிலத்தின் மீது எறிவார். அந்த ஈட்டி கொல்வதற்கு அன்று, பற்றிக்கொள்வதற்கு. அதனுடன் நீண்ட கயிறு பிணைக்கப்பட்டிருக்கும். ஈட்டி பாய்ந்ததும் திமிங்கிலம் கடலின் அடியை நோக்கிப் பாயும். கயிறு உரசும் கட்டையிலிருந்து புகை எழும். தீப்பற்றாதிருக்க அதன்மேல் நீரை ஊற்றிக்கொண்டே இருப்பர். கயிறு சிக்கிக்கொண்டால் படகே நீருக்குள் இழுக்கப்படும். இறுதியில் மூச்சுக்காகக் களைத்து மேலே வரும் விலங்கை ஈட்டிகளால் குத்திக் கொல்வர்.

அவ்வாறு ஆழத்திற்கு இழுத்துச் செல்லப்பட்ட படகு மீண்டும் கிடைத்தபோது அது மிதக்கவில்லை. கல்லைப் போல் மூழ்கியது. மாலுமிகள் இதை முன்பே அறிவர். ஏன் என்று கேட்டவர் ஸ்கோர்ஸ்பி. பல்வகை மரத்துண்டுகளைக் கயிற்றில் கட்டிப் பல ஆயிரம் அடி ஆழத்திற்கு இறக்கி, மேலே எடுத்து எடை பார்த்தார். ஆழத்தின் அழுத்தம் மரத்தின் நுண்துளைகளுக்குள் நீரைத் திணித்துவிடுவதால் மரம் மிதக்கும் தன்மையை இழக்கிறது என்று கண்டார். அப்படியானால் அதே ஆழத்தில் திமிங்கிலத்தின் உடல் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது? 4,800 அடி ஆழத்தில் அதன்மேல் அழுந்தும் எடை, ஆட்களும் உணவும் நிறைந்த மிகப் பெரிய போர்க்கப்பல்கள் அறுபதின் எடையைவிட அதிகம் என்று கணக்கிட்டார்.

அவருடைய கூர்ந்த நோக்கு பெரிய விலங்கோடு நின்றுவிடவில்லை. பனிக்கடலில் சில இடங்களில் நீர் நீலமாகவும் சில இடங்களில் கலங்கிய பச்சையாகவும் இருந்தது. பச்சை நீரில்தான் திமிங்கிலங்கள் மிகுதியாகக் கூடின. அந்த நீரில் ஒரு துளியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். எண்ணற்ற நுண்ணுயிரிகள் அதில் நெளிந்தன. சில சதுர மைல் பரப்பில் உள்ள அவற்றை எண்ணி முடிப்பதற்கு 80,000 பேர் உலகம் தோன்றிய நாளிலிருந்தே எண்ணத் தொடங்கியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். உலகம் தோன்றி ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்று அன்றைய ஐரோப்பியர் பலர் நம்பினர்; அந்தக் கணக்கை வைத்துச் சொன்னதே இது. நுண்ணுயிரிகளைச் சிற்றுயிர்கள் உண்கின்றன; சிற்றுயிர்களைத் திமிங்கிலம் உண்கிறது; இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவையும் அழியும் என்று அவர் எழுதினார். உணவுச் சங்கிலி என்று இன்று அறிவியல் பாடத்தில் படிப்பது இதுவே. உலகின் மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத உயிர்களை நம்பி வாழ்கிறது என்பதைக் கப்பல் தட்டில் நின்று கண்டறிந்தவர் அவர்.

1811ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்துள்ளார். கப்பல் தலைவராக அது அவருடைய முதல் பருவம். அவருடைய ஈட்டியாளர் ஒருவர், பால் குடிக்கும் பருவத்தில் இருந்த குட்டித் திமிங்கிலம் ஒன்றின்மீது ஈட்டியை எறிந்தார். குட்டியால் பெரிய வருவாய் இல்லை. குட்டியைப் பிடித்தால் தாய் விட்டுப் போகாது. தாயைப் பிடிக்கலாம் என்பதே கணக்கு. வேட்டைக்காரர் அனைவரும் அறிந்த உத்தி அது.

கணக்குத் தவறவில்லை. தாய் படகின் அருகிலேயே மேலெழுந்தது. குட்டியை அணைத்துப் பற்றிக்கொண்டு, அறுநூறு அடிக் கயிற்றைப் படகிலிருந்து உருவிக்கொண்டு விரைந்தது. மீண்டும் மேலே வந்தது. அங்குமிங்கும் பாய்ந்தது, திடீரென நின்றது, திசை மாறியது. படகுகள் சூழ்ந்து நெருங்கின. ஓடித் தப்பக் கடல் முழுவதும் திறந்து கிடந்தது, அது ஓடவில்லை. முதல் ஈட்டி பட்டும் தைக்கவில்லை. இரண்டாவதும் தைக்கவில்லை. மூன்றாவது தைத்தது. அப்போதும் அது அவ்விடத்தை விட்டு நீங்கவில்லை. மேலும் மூன்று ஈட்டிகள் பாய்ந்தன. ஒரு மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது.

இதனை எழுதியபின் ஸ்கோர்ஸ்பி தம் மனத்தையும் எழுதுகிறார். மனிதருக்கே பெருமை சேர்க்கத்தக்க பாசத்தைக் காட்டும் ஓர் உயிரைக் கொல்வது மிகுந்த துன்பம் தருவது என்று ஒப்புக்கொள்கிறார். அடுத்த வரியிலேயே, பயணத்தின் நோக்கத்தையும் கிடைக்கும் பொருளின் மதிப்பையும் இரக்கத்திற்காக விட்டுவிட இயலாது என்றும் சொல்கிறார். இவ்விரண்டு வரிகளையும் சேர்த்தே அவரைப் படிக்க வேண்டும். முதல் வரியை மட்டும் எடுத்தால் அவர் அருளாளராகத் தோன்றுவார். இரண்டாவதை மட்டும் எடுத்தால் கொடியவராகத் தோன்றுவார். அவர் நேர்மையானவர் என்பது மட்டும் ஐயமில்லாதது. அத்தொழிலில் இருந்த ஆயிரக்கணக்கானோர் இதே காட்சியைக் கண்டிருப்பர். அதை நூலில் ஏற்றித் தம் பெயரால் பதிவு செய்தவர் மிகச் சிலரே.

1817இல் கிரீன்லாந்துக்குக் கிழக்கே, 74 பாகைக்கும் 80 பாகைக்கும் இடையில், வழக்கமாக இருக்கும் பனி பெருமளவு காணாமற்போயிருப்பதைக் கண்டு ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். அச்செய்தியால் அரசு ஊக்கம் பெற்று, 1818இல் வடதிசைக்கு ஆய்வுக் கப்பல்களை அனுப்பியது. பனிக்கடலை அவரைவிட நன்கு அறிந்தவர் அன்று இல்லை எனலாம். ஆயினும் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. கடற்படை அலுவலர்களுக்கே கிடைத்தது. அவர் வேட்டைக் கப்பல்காரர். அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

1820இல் ஆர்க்டிக் பகுதிகளையும் திமிங்கில வேட்டையையும் பற்றிய அவருடைய பெருநூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. பிற்காலத்தில் ‘மோபி டிக்’ என்னும் புகழ்பெற்ற திமிங்கில நாவலை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லும் அந்நூலைப் பயன்படுத்திக்கொண்டார். 1822இல் ‘பாஃபின்’ என்னும் கப்பலில் சென்று, கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் அதுவரை சரியாக அறியப்படாதிருந்த நீண்ட பகுதியை வரைபடமாக்கினார். அங்குள்ள மாபெரும் கடற்கழி ஒன்றுக்குத் தம் தந்தையின் நினைவாகப் பெயரிட்டார். அப்பயணம் முடிந்து லிவர்பூல் துறைமுகத்தை அடைந்தபோது, தாம் கடலில் இருந்த காலத்தில் மனைவி இறந்துவிட்ட செய்தி அவருக்காகக் காத்திருந்தது.

அடுத்த ஆண்டுடன் வேட்டைப் பயணங்களை நிறுத்திக்கொண்டார். கிறித்தவ சமய குருவானார். லிவர்பூலில் மாலுமிகளுக்கான தேவாலயத்திலும் பின்னர் எக்சிட்டர், பிராட்ஃபோர்டு ஆகிய நகரங்களிலும் பணியாற்றினார். அறிவியலை மட்டும் விடவில்லை. காந்தவியலில் ஆழ்ந்தார், அட்லாண்டிக் அலைகளின் உயரத்தை அளந்தார். இரும்புக் கப்பல்களில் திசைகாட்டி ஏன் பிழையாகக் காட்டுகிறது என்பதை ஆராய, 1856இல், அறுபத்தாறு வயதில், ஆசுத்திரேலியா வரை கடற்பயணம் செய்து திரும்பினார். மறு ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் டார்க்கி என்னும் ஊரில் காலமானார்.

அவருக்குப் பின்னும் வேட்டை தொடர்ந்தது. அவர் சென்ற கிரீன்லாந்துக் கடலில் ஒரு காலத்தில் பல்லாயிரமாக இருந்த வில்தலைத் திமிங்கிலங்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநேகமாக அற்றுப்போயின. எஞ்சியவை ஆழ்ந்த பனிக்கிடையில் மறைந்து வாழ்ந்தன. இன்று அவை மெல்லப் பெருகி வருகின்றன. இவ்வினம் மிக நீண்ட ஆயுள் கொண்டது என்பது அண்மைக் காலத்தில் தெரியவந்தது. அலாஸ்கா கடலில் பிடிபட்ட திமிங்கிலங்களின் கண்வில்லையை 1999இல் ஆராய்ந்தவர்கள், ஒன்றின் வயது இருநூறைத் தாண்டியிருக்கும் என்று கணித்தனர். ஸ்கோர்ஸ்பி கப்பல் தலைவராக இருந்த காலத்தில் பிறந்த குட்டிகளுள், ஈட்டிக்குத் தப்பியவை ஏதேனும் இருந்திருந்தால், அவை நம் பாட்டனார் காலம் வரைகூட உயிர் வாழ்ந்திருக்கலாம்.

அவர் எழுதியவற்றுள் ஒரு செய்தி பிழையானது. திமிங்கிலத்துக்குக் குரல் இல்லை, மூச்சொலி மட்டுமே உண்டு என்று எழுதினார். வேட்டைக் கப்பல்கள் இளவேனிலில் சென்று கோடையில் திரும்பிவிடும். குளிர்கால இருளில் அங்கே தங்கியவர் இல்லை. கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் இடையில், பனிக்கு அடியில் ஒலிவாங்கிகளை இறக்கி, 2010 முதல் 2014 வரையிலான குளிர்காலங்களில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, சூரியனே எழாத நாள்களிலும், இரவும் பகலும் வில்தலைத் திமிங்கிலங்கள் பாடிக்கொண்டிருந்தன. பதிவான பாடல் வகைகள் 184.